யானையின் வயிற்றில் ஒரு வியாழக்கிழமை

குளித்தலை பழைய தபாலாபீஸ் தெருவில், தாரணி வீட்டு முன்ஜன்னலின் இடதுபக்கக் கண்ணாடியில் பதிமூன்று வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த யானை ஸ்டிக்கரை, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் எடுத்துத் தொலை என்று அம்மா குணவதி மூன்றாவது முறையாகச் சொன்ன மார்கழிக் காலையில், அவள் நகத்தால் நெம்பி உரித்தாள். மேல்தாள் மட்டும் சரசரவென்று கையோடு வந்துவிட, பசை யானை வடிவத்திலேயே கண்ணாடியில் தங்கிவிட்டது, அந்தப் பசைக்குள் வேறொரு நாள் நடந்துகொண்டிருந்தது.

மற்ற கண்ணாடிகள் வழியே தெரிந்தது இன்றைய தெரு: சிமெண்டுத் தரை, எதிர்வீட்டு இரும்பு கேட், கேட்டருகே யாரோ நிறுத்திய ஸ்கூட்டி. யானைக்குள் மட்டும் தரை மண்ணாக இருந்தது. தும்பிக்கை நுனியில், நகராட்சிக்காரர்கள் என்றோ பிடுங்கிக்கொண்டு போன அடிபம்பு நின்றது. ஒரு பெண் அதை அடித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. எல்லாம் கஞ்சித்தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. பழைய பசை அப்படித்தான் இருக்கும்.

“அம்மா, இதுல அடிபம்பு தெரியுது.”

குணவதி தோசைத்திருப்பியோடு வந்து குனிந்து பார்த்தாள். “ஆமா. அப்பல்லாம் தண்ணி என்னமா வந்துச்சு” என்றாள். உள்ளே தோசை தீய்கிற வாசனை வர, ஓடிவிட்டாள்.

அன்று முழுக்க அந்த நாள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தது. இங்கே எட்டு என்றால் அங்கேயும் எட்டு, இங்கே வெயில் சாய்ந்தபோது அங்கேயும் சாய்ந்தது, இருட்டியதும் யானை வெறும் பசையாகிவிட்டது, மறுநாள் விடிந்ததும் அதே நாள் மறுபடி விடிந்தது. அது என்ன நாள் என்று தெருவில் கேட்டார்கள். வியாழக்கிழமை என்றாள் தாரணி. தேதியையும் சொன்னாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தாரணி சொன்னால் சரியாக இருக்கும். வாழைக்காய் மண்டியில் தார் தூக்குகிறவரின் மகள், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் வாங்கியவள், வேதியியல் படித்து முடித்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். தெருவில் எந்த விண்ணப்பம் வந்தாலும் அவள் கையால் நிரப்பப்பட்டது. மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். கொடுத்த பிறகும் பிறந்த தேதியை மாற்றி எழுதிவிட்டோமோ என்று அவர்கள் வீட்டுக்கே போய் இன்னொரு முறை வாங்கிப் பார்ப்பாள்.

ஒரு வாரத்தில் தெரு அந்த வியாழக்கிழமைக்குப் பழகிவிட்டது. ஆறு ஐம்பதுக்குப் பம்பின் கைப்பிடியில் காக்கா உட்காரும். எட்டேகாலுக்கு, இப்போது மீசை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிற ஒருவன் புத்தகப்பையோடு அழுதுகொண்டே இழுத்துப்போகப்படுவான். அவனே வந்து பார்த்துவிட்டு, “எங்கம்மா என்னா இழு இழுக்குது” என்று சிரித்தான். செத்துப்போன தெருநாய் பதினொன்றுக்குக் குறுக்கே ஓடும்போது உட்கார்ந்திருப்பவர்கள் நாக்கால் உச்சுக்கொட்டிக் கூப்பிட்டார்கள், அது திரும்பிப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். டெய்லர் பஷீர் பாய் யானையின் காது வழியாகத் தன் பழைய கடையைப் பார்த்தார். சின்னக் கடை, உள்ளே கறுத்த தலைமுடியோடு அவரே.

“அந்த ஆளுகிட்ட யாராவது சொல்லுங்களேன், பெரிய கடை எடுக்காதேன்னு.”

“அவருக்குக் கேக்காது பாய்.”

“அப்பவும் கேக்கலைதான்” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மற்ற வீடுகளும் சும்மா இருக்கவில்லை. ஷோகேஸ் கண்ணாடி, பீரோ கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி என்று எங்கெல்லாம் ஸ்டிக்கர் இருந்ததோ அங்கெல்லாம் உரித்துப் பார்த்தார்கள். பிளேடால் சுரண்டியவர்களுக்கு அந்த நாள் கோடு கோடாக, மழை பெய்வதுபோல் கிடைத்தது. மண்ணெண்ணெய் போட்டவர்களுக்கு வாசனை மட்டும் மிஞ்சியது. பெண்கள் குளிக்கப் போகும்போது பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்து மறந்த ஸ்டிக்கர் பொட்டுகளைப் பெயர்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் பொட்டளவு நாள் ஒன்று இருந்தது. பொட்டளவில் ஒரு மூக்குத்தி தெரியும், அல்லது ஒரு குழந்தையின் கட்டைவிரல், அதற்குமேல் ஒன்றும் தெரியாது, அதையே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார்கள். புது ஸ்டிக்கர்கள் சுத்தமாகப் பெயர்ந்து வந்தன, அவற்றின் கீழே எதுவுமில்லை. “இந்தக் காலத்து ஸ்டிக்கர்ல பசையே இல்லையே” என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். கடைசியில் உள்ளங்கை அகலம் இருந்தது தாரணி வீட்டு யானை ஒன்றுதான், ஆகவே எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். வாசலில் செருப்பு குவிந்தது. “என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா?” என்று குணவதி முணுமுணுத்தாலும், இரண்டு வேளையும் கூட்டிப் பெருக்கி, பாய் விரித்துப் போட்டாள். வெள்ளையடிக்கிறவரிடம் அந்த ஜன்னல் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியும்விட்டாள்.

ஆனால் மதியம் இரண்டே முக்கால் ஆனால், யாரும் யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்திக்குத் துணி காய்ந்திருக்கும், ஒருத்தருக்குக் கண் அசத்தும், ரேஷன் கடை திறந்திருக்கும். ஐந்து மணிக்கு மறுபடி வந்தார்கள். நடுவில் அந்தப் பாயில் தாரணி மட்டும் இருந்தாள்.

யானையின் வயிற்றில், பசை எல்லாவற்றிலும் தடிமனாக இருந்த இடத்தில், காலை பத்து மணியிலிருந்து ஒரு நீலக்கறை நின்றது. அது மாசிலாமணியின் இஸ்திரி வண்டி. தெருவே அவரை மாசி என்றது. பெரியவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, பல் முளைக்காத பிள்ளைகளும் மாசி என்றே கூப்பிட்டன. யானையின் வால் பக்கம் இருந்தது எதிர்வீடு, லோகநாயகியின் வீடு. வயிற்றிலிருந்து வாலுக்குத் தெருவில் பதினைந்து அடி இருக்கும்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணி ரயில் கூவியபோது, லோகநாயகி கொக்கி தளர்ந்த தன் சங்கிலியைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தலை சாய்த்தாள். மூன்றரைக்குப் பால்காரர் மணியடித்தபோது எழுந்தாள். சங்கிலி இல்லை. அந்த அரைமணியில் தெருவில் இருந்தவர்கள் இரண்டு பேர் என்று முடிவானது: வண்டியில் மாசி, எதிரே ஜன்னலில், காய்ச்சலால் பள்ளிக்கூடம் போகாத ஒன்பது வயதுத் தாரணி. லோகநாயகி ஜன்னலுக்கு வந்தாள். அவள் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள்.

“கண்ணு, மாசி எங்க வீட்டுப் பக்கம் வந்தானா? பயப்படாம சொல்லு.”

தாரணிக்கு உடம்பு சுட்டது. எல்லா முகமும் ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது தெரிந்தது.

“வந்தாரு.”

“ஜன்னல்ல கைய விட்டானா?”

“விட்டாரு.”

வண்டியைக் கவிழ்த்தார்கள். கங்கு மண்ணில் சிதறியது, மடித்து வைத்த துணிகள் அதன்மேல் விழுந்தன, சங்கிலி கிடைக்கவில்லை. நாளையிலிருந்து வண்டி இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்றார்கள். அன்று சாயங்காலம் லோகநாயகி கடைக்குப் போய் ஒரு ஸ்டிக்கர் அட்டை வாங்கிவந்து, “பொய் சொல்லாத புள்ளைக்கு” என்று தாரணியின் கையில் கொடுத்தாள். அதில் பெரியது யானை. விளக்கு வைப்பதற்கு முன் தாரணி அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

அன்று உண்மையில் பார்த்தோமா என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. சில நாட்களில் அந்தக் கை நன்றாக நினைவுக்கு வரும், மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு. ஆனால் அந்தத் தழும்பை அவள் எத்தனையோ நாள் துணி கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறாள், ஆகவே அது எந்த நாளின் தழும்பு என்று சொல்ல முடியவில்லை. இப்போது யானை தினமும் மூன்று மணிக்குக் காட்டியது. நீலக்கறை நின்றது. மூன்றேகாலுக்கு, தவறாமல், கறுப்பாக ஏதோ ஒன்று வயிற்றிலிருந்து வாலை நோக்கி மெதுவாக நகர்ந்தது, வாலருகே சற்று நின்றது, போய்விட்டது. அது மாசியாக இருக்கலாம். இருந்தால் அவள் சொன்னது உண்மை. ஒவ்வொரு நாளும் அந்தக் கறுப்பு நகரும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொரு நாளும் அது பசையாகவே முடிந்தது. மூன்றே முக்காலுக்குப் பதிமூன்று வயது குறைந்த லோகநாயகியின் முகம் யானை முழுவதையும் அடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வரும். உதடு அசையும். சத்தமில்லாமல் அவளைத்தான் கேட்கும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.

பதினாறாம் நாள் தாரணி ஒரு ஊறுகாய் பாட்டிலின் லேபிளைக் கிழித்தாள். பசைக்குள் ஏதோ குடோனின் சுவர் மங்கலாகத் தெரிந்தது. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. வெயிலில் வைத்து உருக்கி, பஞ்சில் தொட்டுப் பசைமேல் வைத்தாள். எண்ணெய் ஊற ஊறப் பசை தெளிந்தது. சுவரில் ஊர்ந்த பல்லியின் விரலை எண்ண முடிந்தது. முப்பத்தைந்தாவது நிமிஷம் பசை வழுக்கி இறங்கியது, பாட்டில் வெறும் பாட்டிலானது. இன்னொரு பாட்டிலிலும் செய்து பார்த்தாள். முப்பத்துமூன்று நிமிஷம்.

யானைக்கும் அப்படிச் செய்யப்போவதாக அம்மாவிடம் சொன்னாள்.

“அடியே, உனக்கென்ன கிறுக்கா? சின்னப் புள்ள சொன்னது. அதை யாரு இப்ப ஞாபகம் வச்சிருக்கா?”

“எல்லாரும் வச்சிருக்காங்கம்மா. அதான் ரெண்டே முக்காலுக்கு எந்திரிச்சுப் போறாங்க.”

குணவதி பாயைச் சுருட்டினாள். பிறகு, “எதுத்த வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்” என்றாள்.

எதிர்வீட்டில் லோகநாயகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் தண்டபாணி இறந்து நாலு வருஷம் ஆகிறது. யானையின் வாலில் அவர் தினமும் ஐந்தேகாலுக்கு ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளை விட்டு இறங்குவார், கால்சட்டையின் கிளிப்பைக் கழற்றுவார், தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போவார். அவ்வளவுதான். அதற்காக லோகநாயகி தலைசீவி, முகம் கழுவி வந்து உட்காருவாள்.

“அத்தை, நாளைக்கு மூணு மணிக்குப் பசையில எண்ணெய் தடவலாம்னு இருக்கேன்.”

“தடவினா?”

“அரைமணி நேரம் நல்லாத் தெரியும். அப்புறம் வழிஞ்சிடும். மாமா வரமாட்டாரு.”

லோகநாயகியின் கை கீரைக் காம்பில் நின்றது. “எதுக்கு இப்ப?”

“மாசி வந்தாருன்னு நான்தானே அத்தை சொன்னேன். பாத்துட்டுச் சொன்னேனா, நீங்க கேட்டீங்கன்னு சொன்னேனா, எனக்கே தெரியலை.”

“பதிமூணு வருஷம் கழிச்சு வந்து தெரியலைங்கற.”

“ஆமாத்தை.”

“படிச்ச புள்ள” என்றாள் லோகநாயகி, பாராட்டாக அல்ல. கீரையை முறத்தில் தட்டினாள். “இங்க பாரு தாரணி. அவன் எடுத்தாலும் சரி, எடுக்கலைன்னாலும் சரி, எனக்கு அது வேணாம். எனக்கு அந்த அஞ்சேகால் போதும்.”

 தாரணி கீழே சிதறிய கீரையைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். உருக்கி வைத்த எண்ணெய் மறுபடி உறைந்திருந்தது.

அன்றும் ஐந்தேகாலுக்கு லோகநாயகி வந்தாள். தண்டபாணி சைக்கிளை விட்டு இறங்கினார், கிளிப்பைக் கழற்றினார், தெருவைப் பார்த்தார். தெருவில் கங்கு சிதறிய கரி அப்படியே கிடந்தது, அதைத்தான் அவர் பார்க்கிறார் என்பது இத்தனை நாளில் அன்றுதான் தாரணிக்குப் புரிந்தது. அவர் உள்ளே போனார். மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் லோகநாயகி உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா அந்த மனுஷன்?” என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘நீ கண்ணால பாத்தியா’ன்னு கேட்டாரு. நான் காபி போடறேன்னு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். அப்புறம் சாகறவரைக்கும் அவரு கேக்கலை.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “மூணு மணிக்குத்தானே? நானும் வரேன்.”

செய்தி பரவியதும் தெருவில் சத்தம் கிளம்பியது. “அது தெருவுக்கே பொதுவும்மா, நீ மட்டும் எப்படி அழிக்கலாம்?” என்றார் பஷீர் பாய். லாரிக்காரன், மாசியைக் கூட்டிவந்து நாலு வார்த்தை சொல்லிச் சமாதானம் பண்ணிவிடலாமே, அதற்கு எதற்கு யானையை இழக்க வேண்டும் என்றான். அவர் எடுத்தாரா இல்லையா என்று தெரியாமல் எதைச் சொல்லிச் சமாதானம் பண்ணுவது என்று தாரணி கேட்டாள்.  பேசிப் பேசிச் சலித்து, மறுநாள் காலை எல்லோரும் வந்தார்கள், ஊருக்குப் போகிறவர்களை ரயிலேற்றிவிட வருவதுபோல். காக்காவைப் பார்த்தார்கள். அழுகிற பையனைப் பார்த்தார்கள். நாயை உச்சுக்கொட்டிக் கூப்பிட்டார்கள். பஷீர் பாய் காதோரம் நீண்ட நேரம் நின்றார். இரண்டே முக்கால் ஆனது. ஒருத்தியின் கொடியில் துணி காய்ந்துதான் இருந்தது, ரேஷன் கடையும் திறந்துதான் இருந்தது. யாரும் எழவில்லை.

மூன்று மணி ரயில் இன்றைய தெருவில் கூவியது. தாரணி எண்ணெய்ப் பஞ்சை யானையின் வயிற்றில் வைத்து, அங்கிருந்து வாலுக்கும் முதுகுக்கும் தும்பிக்கைக்கும் மெதுவாகத் தடவினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பனி விலகுவதுபோல் நீலம் வண்டியானது, வண்டிக்குப் பின்னால் மனிதர் வந்தார், அவர் உதட்டில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மாசிலாமணி இஸ்திரி போட்டார். வேட்டி ஒன்றைப் போட்டார், மடித்தார், ஓரத்தைச் சரிபார்த்தார். தண்ணீர் தெளித்தார். கங்கை ஊதினார். பம்புப் பக்கமிருந்து அவர் மனைவி தூக்குவாளியோடு வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள். மூன்றேகாலுக்கு அந்தக் கறுப்பு வந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு, வாலை ஆட்டியபடி, எதிர்வீட்டு ஜன்னலடியில் கிடந்த வாழைத்தோலை நின்று தின்றுவிட்டு, அது தன்பாட்டுக்குப் போனது.

“எருமைக்கன்னா?” என்றாள் லோகநாயகி.

“எருமைக்கன்னுதான்” என்றார் பஷீர் பாய்.

 மாசிலாமணி நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார், அடுத்த சட்டையை எடுத்தார். சட்டைக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடப் பாவாடை. அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி நீவிப் போட்டார், அது தாரணியின் பாவாடை. மூன்றரைக்குப் பால்காரர் வந்தார். அதுவரை மாசிலாமணி வண்டியை விட்டு ஓரடி நகரவில்லை, எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. சங்கிலியை எடுத்தது யார் என்பது யானைக்குள் இல்லை; வாலின் நுனி எதிர்வீட்டு ஜன்னலின் அடிப்பாகத்தோடு முடிந்துவிட்டது, சங்கிலி வைத்த திட்டு அதற்கு வெளியே போய்விட்டது. பிற்பாடு தெருவில் பாதிப்பேர் எருமை விழுங்கியது என்றார்கள், பாதிப்பேர் பேச்சை மாற்றினார்கள்.

பசை நழுவத் தொடங்கியது. முதலில் தும்பிக்கை இறங்கியது, பிறகு வயிறு. லோகநாயகியின் முகம் அன்று வந்து கேட்கவில்லை. தாரணி பழைய செய்தித்தாளால் எண்ணெயை ஒற்றி எடுத்து, விபூதி போட்டுத் துடைத்தாள். கண்ணாடி மற்ற கண்ணாடிகளைப்போல் ஆனது, கொஞ்சம் கூடுதல் சுத்தமாக. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். லோகநாயகி மட்டும் ஐந்தேகால்வரை இருந்தாள். ஐந்தேகாலுக்குக் கண்ணாடியில் அவள் வீட்டு கேட் தெரிந்தது, பூட்டியிருந்தது.

“நாளைக்கு மாசியைப் பாக்கப் போறேன், நீங்களும் வாங்களேன் அத்தை. முசிறியிலதான் இருக்காராம்.”

“நீ போய்ச் சொல்லு. நான் வந்தா அவன் எந்திரிச்சு நிப்பான்” என்றாள் லோகநாயகி. வாசலுக்குப் போய்த் திரும்பினாள். “நான் கேட்டுத்தான் நீ சொன்னேன்னு சொல்லு. அது உண்மைதானே.”

மறுநாள் தாரணி பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினாள். முசிறி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் சுவரோரம் மாசிலாமணியின் வண்டி நின்றது. அவருக்குத் தலை நரைத்திருந்தது, வண்டி பச்சையாகியிருந்தது. அவள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்து, “துணி எங்கம்மா?” என்றார்.

“துணி இல்லைங்கய்யா. நான் தாரணி. குளித்தலை, தபாலாபீஸ் தெரு. குணவதி மக.”

இஸ்திரிப்பெட்டி ஒரு சட்டையின் முதுகில் போய்க்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. “ஐயாவா?” என்றார். “அந்தத் தெருவுல என்னை யாரும் ஐயான்னதில்லையே.”

அவள் பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். யானை, பசை, எண்ணெய், எருமைக்கன்று. காய்ச்சல். பத்துப் பேர். அவர்கள் எந்தப் பதிலுக்குக் காத்திருந்தார்களோ அதைக் கொடுத்தது. அவர் வியப்படையவில்லை, இங்கேயும் இரண்டு வீட்டுக் கண்ணாடியில் அப்படி ஏதோ தெரிகிறதாம் என்றார். சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தார்.

“அப்ப, கண்ணாடி சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுது.”

“ஆமாங்கய்யா.”

“நானும் அன்னைக்கு அதையேதான் சொன்னேன். மண்ணுல உக்காந்து சொன்னேன். நான் சொன்னப்ப ஒருத்தரும் எண்ணெய் தடவிப் பாக்கலை.”

 தப்பு என்னுடையது என்றாள். அவர் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடுத்த துணியை எடுத்து உதறினார், தண்ணீர் தெளித்தார். லாட்ஜிலிருந்து ஒருவன் வந்து பேண்ட் ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனான். போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் தாரணி நின்றாள்.

“மூணு மணிக்கா பாத்த?”

“மூணுலேருந்து மூணரைவரைக்கும்.”

“அப்ப எங்க பொன்னுத்தாயி சோறு கொண்டாந்திருப்பாளே.”

“வந்தாங்க.”

இஸ்திரிப்பெட்டி நின்றது. “அவ போயி ஆறு வருஷம் ஆகுது. அன்னைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. அப்புறம் இந்தக் களேபரத்துல, சண்டை தீந்துச்சா தீரலையான்னே எனக்கு ஞாபகம் இல்லை.” முதல்முறையாக அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “சிரிச்ச முகமாத்தானே வந்தா? சொல்லு.”

வாய் திறந்துவிட்டது. ஆமாம் என்கிற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது; சின்னச் சொல், யாருக்கும் கெடுதல் இல்லாத சொல், எதிரே ஒரு முகம் அந்த ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

“முகம் தெரியலைங்கய்யா” என்றாள். “அவங்க வண்டிக்கு இந்தப் பக்கம், கிட்டத்துல நின்னாங்க. யானையோட முதுகு அவங்க தோளோட முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல இன்னைக்கு வெயில்தான் தெரிஞ்சுது.”

அவர் குனிந்துகொண்டார். கங்கின்மேல் படிந்த சாம்பலை ஊதினார்.

“கை தெரிஞ்சுது. தூக்குவாளிய வண்டி ஓரத்துல வச்சாங்க. அப்புறம் உங்க சட்டைக் காலர் உள்பக்கம் மடங்கியிருந்துச்சு. அதை இழுத்து நேரா விட்டாங்க. ரெண்டு பக்கமும்.”

“காலரையா?”

“ஆமாங்கய்யா. அதை நான் பாத்தேன்.”